சித்தப் பிணியும் திருக்கோயிலும்

சைவ ஆசிரியர்காள்,

மானுடப் பிறவியை அரிதென நம் முன்னோர் கொண்டமைக்குக் காரணம், உயிர் இறைவனை அறிதற்கு ஏற்ற கருவிகள் இப்பிறவியிலே நிரம்ப அமைந்தமையேயாம். அக்கருவிகளுட் கண், செவி முதலியன புறத்தன. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அகத்தன. இந்நான்கினையும் அந்தக்கரணம் என்பர். இவை மாயையினின்று தோன்றிய சடப்பொருள்கள். ஆன்மா இவற்றின் வேறு. மாணாக்கர்க்கு நாம் நாடோறும் ஓதுவிக்கும் இவ்வுண்மையின் பயனை நம்மவருட் பலர் ஓரிடத்தில் மறந்துவிடுகின்றனர்.

கண்ணிற் படலம் வளருமாயின் அதனை நோயென்று கூறி மருந்து தேடுகின்றனர். மனங் கலங்கியவிடத்தோ பெற்றோர் நாணி மறைக்கின்றனர். அயலார் பழவினையென்று தூற்றுகின்றனர். சிறுவர் பின்றொடர்ந்து நகைக்கின்றனர். கண்ணும் கருவி, மனமும் கருவி. கருவி பழுதுறுதல் ஆன்மாவுக்கு இழுக்காவது எங்ஙனம்? வினைவழி வந்ததெனின், கண்ணோயும் வினைவழி வந்ததேயாம். அதற்கு விலக்கப்படாத மருந்து இதற்கு மாத்திரம் விலக்கப்படுவது எந்நூல் விதி?

நம் முன்னோர் இந்நோயைப் பேயின் செயலென்று முழுதுந் தள்ளிவிட்டாரல்லர். சித்த வைத்திய நூல்கள் இதனைக் கிரிகை எனப் பெயரிட்டு, 18 வகையாகப் பகுத்து, வாத பித்த கபங்களோடு இயைத்து ஆராய்ந்தன. பாரத நாட்டு வைத்தியர் நெடுங்காலமாக வழங்கிய சர்ப்பகந்தி வேரினைக் கல்கத்தாவிலே கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போசும் ஆராய்ந்து, பைத்தியத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுமாற்றை 1931இல் வெளியிட்டனர். 1952இல் அவ்வேரினின்று ரெசர்ப்பின் என்னுஞ் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டு, மேனாட்டு மனநோய் மருத்துவமனைகளிலும் சில ஆண்டு பெரிதும் வழங்கியது. அது சிலர்க்கு ஆழ்ந்த சோர்வை விளைத்தமையால், பின்வந்த மருந்துகள் அதனிடத்தைப் பெற்றன. ஆதலின், நாட்டு மருந்தென்பதனால் இகழ்தலுந் தவறு. நாட்டு மருந்தென்பதனால் அளவறியாது உட்கொள்ளுதலுந் தவறு.

இனித் திருக்கோயிலைப் பற்றிச் சிந்திப்போம். தமிழ்நாட்டு வேலம்பட்டியில் முத்துசாமி கோயிலென ஒன்றுண்டு. மனநோயாளர் உறவினர் ஒருவருடன் அங்கே தங்கிவந்தனர். கோயிலைத் தூய்மை செய்தல், செடிக்கு நீர் வார்த்தல் முதலிய சிறு தொண்டுகளைச் செய்துவந்தனர். அங்ஙனந் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். ஏறக்குறைய ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் சராசரியாக ஐந்திலொரு பங்களவு தணிந்தன என்பது அவர் கண்ட முடிபு. அச்சுறுத்தாது ஆதரிக்கும் சூழலே இதற்கு ஏதுவாதல் கூடுமென அவர் கருதினர். அவ்வாராய்ச்சி சிறியது, மருந்து வேண்டாவென்று நிறுவுவதன்று. ஆயினும் அன்பும் அமைதியும் தொண்டும் நோயாளர்க்கு நன்மை பயத்தலை அது காட்டுகின்றது.

இதற்கு மறுதலையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், வழிபாட்டிடத்தை நாடி வந்த மனநோயாளரைத் தங்கவைத்த ஓலைக்கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். இதனை ஒரு சமயத்தார் குற்றமாக யாம் கூறுகின்றிலேம். பேயோட்டுதல் என்று பிரம்பால் அடித்தலும் மிளகாய்ப் புகை காட்டுதலும் கட்டிவைத்தலும் எச்சமயத்தார் செய்யினும் கொடுமையே. சிவன் உறையும் உடம்பைச் சிவன் பெயராலே வருத்துதல் சிவநிந்தையாம்.

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளியபோது, கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் வலிப்பு நோயால் உணர்விழந்து கோயிலிற் கிடந்தாள். நாயனார் அவளைக் கண்டு அகன்றாரல்லர்; வினவினார்; தந்தை கூறியதை இரங்கிக் கேட்டார்; பின்னரே திருப்பதிகம் பாடி நோய் தீர்த்தருளினார். பதிகத்தின் அருள் நம்மாலாவதன்று. காணுதலும் வினவுதலும் இரங்கிக் கேட்டலும் நம்மாலாவனவேயாம்.

போரினால் மனம் புண்பட்டோர் பலர் வாழும் நமது நாட்டில் இஃது இன்றியமையாத கடமை. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக விளங்கியவரும், போர் விளைத்த மனவடுக்களைப் பற்றி 1998இல் நூல் வெளியிட்டவருமாகிய தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்துக்கேற்ற நாமசெபம், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம் ஆகியவற்றை மருத்துவத்தோடு கூட்டிப் பயன்படுத்தினார். மருத்துவரே செபத்தை அழைத்துக்கொண்டவிடத்து, செபிப்போர் மருத்துவரை விலக்குதல் தகுமோ?

ஆசிரியர்காள், பெற்றோர்க்கு அடுத்து மாணாக்கர் முகத்தை நாடோறும் காண்பவர் நீவிரே. முன்பு நன்றாகக் கற்ற பிள்ளை பலநாள் பேசாதிருப்பின், உறங்காது வாடின், தனக்குத்தானே பேசின், அதனைச் சோம்பலென்றும் பேயென்றும் சொல்லற்க. தனியே அழைத்து அன்புடன் வினவுக. வீட்டுக்குச் சென்று பெற்றோரைக் காண்க. அவர் கோயிலுக்கு நேர்ந்துகொள்வாராயின் தடுக்கற்க. நேர்த்தியோடு மருத்துவரிடத்தும் கொண்டு செல்க என்றும், விரதநாளிலும் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்தற்க என்றும் கூறுக. உயிரை மாய்த்துக்கொள்ளப்போவதாகச் சொல்லும் பிள்ளையை ஒருகணமும் தனியே விடற்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம். நோய் தணிந்து மீளும் பிள்ளைக்கு வகுப்பிலே அவன் முன்னிருந்த இடத்தையே கொடுக்க.

மருந்தினுள்ளும் மருத்துவன் அறிவினுள்ளும் நின்று நோய் தீர்ப்பவன் வைத்தியநாதப் பெருமானே. அவன் திருவருளை ஒரு வாயிலால் மாத்திரம் வருக என்று நாம் வரையறுத்தல் முறையன்று. கலங்கிய சித்தங்கள் தெளிக. அவற்றைத் தாங்கும் கைகள் நம்மவர் கைகளாகுக.

திருச்சிற்றம்பலம்.