அடைவைப்பவரின் பொறுப்பு

பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தார் தம் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கலாமா, வளர்ப்பின் அடைவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யலாமா என்னும் வினா நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. தம்பானூரைச் சுற்றி வாழும் உபாசகர்களுக்கு இஃது ஏட்டளவிலான வினா அன்று. இரண்டு செண்டு, மூன்று செண்டு நிலத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் பல. அவற்றில் முட்டை விற்று வரும் காசு பெண்களின் கையிருப்பு. பிள்ளைகளின் குறிப்பேடும் எழுதுகோலும் அதிலிருந்தே வருகின்றன. இப்பொழுது படித்தவர்களும் "பாரம்பரிய இனங்களைக் காப்போம்" என்று கூறிக்கொண்டு இத்துறையில் இறங்கியிருக்கின்றனர். ஆகவே வினா இரட்டிப்பாகிவிட்டது. கறி உண்பது தகுமா என்பது வேறு வழக்கு. அதனை இங்கு நாம் விசாரிக்கவில்லை. கடையில் வாங்கி உண்பவனைப் பற்றியதன்று இக்கட்டுரை. உயிரைப் பிறப்பிக்கின்றவனைப் பற்றியது.

பகவான் புத்தர் கோழியை அறியாதவர் அல்லர். மஜ்ஜிம நிகாயத்தில், எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டைகளை ஒரு கோழி முறையாக அடைகாத்தால், அது விரும்பினும் விரும்பாவிடினும் குஞ்சுகள் ஓட்டை உடைத்து நலமாக வெளிவரும் என்று உவமை கூறுகின்றார். நம் வீட்டுக் கோழி அடைகிடக்கும் கணக்கும் ஏறத்தாழ அதுவே. வேரஞ்சையில் ஒரு பார்ப்பனரிடம் உரையாடியபோது, அறியாமை என்னும் ஓட்டை முதலில் உடைத்து வெளிவந்த குஞ்சு என்று தம்மையே குறிப்பிட்டார். கோழிக்கூட்டை அருகிருந்து பார்த்தவரன்றி வேறொருவர் இவ்வுவமையைச் சொல்லியிருக்க முடியாது.

அதே புத்தர் துறவிகள் கோழியையும் பன்றியையும் ஏற்கலாகாது என்றார். சேவற்போர் போன்ற காட்சிகளையும் விலக்கினார். இவை இரண்டும் தீக நிகாயத்தின் முதற் சுத்தமாகிய பிரமஜாலத்தில் உள்ளன. இல்லறத்தார்க்கு அங்குத்தர நிகாயத்தில் ஐந்து வாணிகங்கள் விலக்கப்பட்டுள்ளன: படைக்கலம், உயிர், ஊன், மது, நஞ்சு. கோழி வளர்ப்பவன் வேலியின் எந்தப் பக்கத்தில் நிற்கின்றான்? முட்டை விற்கும் வரையில் அவன் இப்பக்கம்; சேவலைக் கத்திக்குக் கொடுத்து விலை பெறும் நொடியில் அப்பக்கம். வளர்ப்பு விலக்கப்படவில்லை என்று மகிழ்கின்றவர்கள் இந்த வேலி எவ்வளவு தாழ்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அசோக மன்னர் இதனைக் கண்டவர். முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் அவர் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், சேவல்களுக்கு விதையடிக்கலாகாது என்று ஒரு கட்டளை உண்டு. ஓர் உயிரை மற்றோர் உயிருக்கு இரையாக்கி வளர்க்கலாகாது என்பதும் அதிலேயே உள்ளது. பேரரசர் ஒருவர் சேவலின் துன்பத்துக்குக் கல்லில் இடம் ஒதுக்கினார். நாமோ குஞ்சு பொரித்ததும் பெட்டை எத்தனை என்று மட்டும் எண்ணுகின்றோம்.

இனி "இனத்தைக் காப்போம்" என்பாரின் கூற்றுக்கு வருவோம். கேரள நாட்டுக்குரிய கோழி என்று பதிவாகியிருப்பது தலச்சேரிக் கோழி; கோழிக்கோடு, கண்ணூர், மலப்புறம், மாஹி ஆகிய வடபகுதிகளில் உள்ளது; கரிய உடலில் நீல மினுக்கம் கொண்டது. தெற்கே நம் திருவனந்தபுரப் பகுதிக்கு உரியதாகச் சொல்லப்படுவது கழுத்தில் இறகற்ற மொட்டைக்கழுத்துக் கோழி. இறகு குறைவாதலின் நம் புழுக்கத்தை அது நன்கு தாங்குகின்றது. தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவில் கடக்நாத். இவை யாவும் அழியாமல் இருத்தல் நன்றே. ஆனால் இவற்றைப் போற்றும் பேச்சில் "சாதிக்கோழி", "சுத்த ரத்தம்" என்ற சொற்கள் வந்து விழுகின்றன. அச்சொற்களால் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட நாம் அவற்றைச் செவிகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாகாது. புல், பூச்சி, பறவை முதலியவற்றுக்குப் பிறப்பிலேயே வேற்றுமைக் குறிகள் உண்டு. மாந்தரிடையே அத்தகைய குறி இல்லை என்பதன்றோ வாசெட்ட சுத்தத்தின் கருத்து! கோழியின் நிலையும் வேடிக்கையானதே. உலகெங்கும் வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. எனினும் பல கோழிகளின் காலில் காணும் மஞ்சள் நிறம் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் வழியாக வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் மரபணு ஆய்வாளர் கண்டனர். அந்தக் காட்டுக்கோழி நம் அகத்தியமலைக் காடுகளில் இன்றும் கூவுகின்றது. கோழிக்கே சுத்த ரத்தம் இல்லை.

இனம் என்பது ஒரு பெயர். பெயருக்குப் பசியில்லை, வலியில்லை; கத்தியைக் கண்டு அஞ்சுவதும் இல்லை. துன்புறுவது இந்தச் சேவல், இந்தப் பெட்டை. ஆகவே "உண்ணாவிட்டால் வளர்ப்பார் இலர், வளர்ப்பார் இன்றேல் இனம் அழியும், ஆதலின் கொல்லுதலே காத்தல்" என்னும் வாதம் கேட்க நயமாயினும் பௌத்தனுக்கு உரியதன்று. பெயரைக் காக்கப் பெயருடையதைக் கொல்லும் வாதம் அது.

அப்படியாயின் நாட்டினத்தை விட்டுவிட்டு, அரசாங்கப் பண்ணையிலோ தனியார் பண்ணையிலோ மிகுதியாக முட்டையிடும் கலப்பினப் பெட்டைகளை மட்டும் வாங்கிக்கொண்டால் தொல்லை தீருமன்றோ என்பார் உளர். தீராது. பெட்டைக்குஞ்சு உங்கள் கைக்கு வரும்போது அதனோடு பொரித்த சேவற்குஞ்சு எங்கே என்று கேளுங்கள். முட்டையினச் சேவல் கறிக்கும் உதவாது என்று கணக்கிட்டுப் பிறந்த அன்றே குஞ்சுகளைக் கொன்றுவிடும் வழக்கம் உலகப் பெருந்தொழிலில் நிலைத்துவிட்டது. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதனைச் சட்டத்தால் தடுத்தது. கொலை நம் முற்றத்தில் நடவாமல் வேறிடத்தில் நடந்தால் சீலம் காக்கப்பட்டதாகிவிடுமோ?

கலப்பினத்தைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டும். முட்டை குறையுமே என்பதற்காக அடைகிடக்கும் இயல்பே அக்கோழியிடமிருந்து தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்துக் களையப்பட்டது. கூண்டில் ஒரு கோழிக்கு 450 சதுர சென்டிமீட்டர் இடம் என்பது நம் நாட்டுத் தொழிலில் வழங்கும் அளவு. பள்ளிப்பிள்ளையின் விரித்த குறிப்பேடு அதைவிடப் பெரிது. முட்டை குறையாதிருக்க விளக்கு வெளிச்சத்தால் பகலை 16 மணி நேரம்வரை நீட்டுகின்றனர். ஆலையில் இரவு முறை வேலை பார்த்தவர்களுக்கு அந்த விளக்கின் பொருளை விளக்கவேண்டியதில்லை. நாட்டுக்கோழியோ மண்ணைக் கிளறுகின்றது, புழுதியில் குளிக்கின்றது, பருந்தின் நிழல் கண்டு குரல் கொடுக்கின்றது, 21 நாள் தவமிருந்து குஞ்சு பொரிக்கின்றது. தன் வாழ்வைத் தானே வாழும் பறவை அது. நாட்டினத்தை வளர்க்க நாம் சொல்லும் நியாயம் இதுதான். பாரம்பரியப் பெருமை அன்று.

ஆயினும் நாட்டுக்கோழியிலும் பாதிக் குஞ்சு சேவலே. இங்கேதான் கணக்குப் போடவேண்டும். ஒருவர் ஆறு பெட்டை வைத்திருக்கின்றார். பெட்டை ஏறத்தாழ ஆறு ஆண்டு வாழும் என்று கொள்வோம். ஆறு குறையாதிருக்க ஆண்டுக்கு ஒரு புதிய பெட்டை வேண்டும். ஒரு பெட்டை பிறந்தால் சராசரியாக ஒரு சேவலும் பிறக்கும். ஒன்றையும் கத்திக்குக் கொடாமல் காத்தால், ஆறாம் ஆண்டில் ஆறு பெட்டைக்கு ஆறு சேவல் முற்றத்தில் நிற்கும். எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை இதுவே. பெட்டைக்கு ஒரு சேவல் என்று சோறிட மனமும் இடமும் உள்ளவர்க்கே அடைவைக்கும் உரிமை உண்டு. அடையில் வைக்கும் ஒவ்வொரு முட்டையும் நாம் எண்ணித் துணிந்து பிறப்பிக்கும் உயிர். எண்ணமே வினை என்ற ததாகதரின் போதனை முட்டையை எடுத்து வைக்கும் கைக்கும் பொருந்தும்.

ஆகவே பன்னிரண்டு முட்டை தாங்கும் கோழிக்கு ஆண்டில் ஒருமுறை நான்கு மட்டும் வையுங்கள். கூமுட்டையும் குஞ்சுச் சேதமும் போக இரண்டு மூன்று தேறும். மற்ற முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அடைச்சூடு படாத முட்டையில் கரு வளர்வதில்லை. அதிலும் ஐயமுறுவோர் அடைவைக்கும் மாதம் தவிர மற்ற நாட்களில் சேவல்களைத் தனியே வைக்கலாம். சேவல் இன்றியும் பெட்டை முட்டையிடும் என்பதைப் பலர் இன்னும் நம்புவதில்லை! பிரித்த பின்னும் இரண்டு மூன்று வாரம்வரை கருவுற்ற முட்டை வரக்கூடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க. ஒரு கூட்டிலேயே தாயும் மகனும் இணைந்தால் குஞ்சுகள் நலியும். ஆதலின் உபாசகர் வீடுகளுக்கிடையே சேவலை விலையின்றித் தானமாக மாற்றிக்கொள்ளுதல் நன்று. இனமும் இதனால் பிழைக்கும்.

சேவல்கள் பல சேர்ந்தால் சண்டையிடாவோ என்பர். ஒன்றாக வளர்ந்த சேவல்கள், பெட்டை கண்ணிற் படாத கூட்டில், பெரும்பாலும் அமைதியாகவே வாழும். போருக்கென்று வளர்த்தெடுத்த அசில் இனம் இதற்கு விலக்கு. அதனை வீட்டுக்குக் கொணராதிருத்தலே நலம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் விலங்குச் சண்டைகளைக் குற்றமாக்கியும் சேவற்கட்டைப் "பாரம்பரியம்" என்று சொல்லிக்கொண்டிருப்போர் குறையவில்லை.

கூடு கட்டுவதும் சீலத்தின் ஒரு பகுதியே. கூடு நொய்யதாயின் கீரியும் மரநாயும் வரும். வந்தபின் அவற்றை அடிக்கத் தடி எடுப்போம். நெருக்கமான கம்பிவலையும் இறுக்கமான தாழும் போட்டால் மூவர் உயிரும் பிழைக்கும். தம்பானூர்த் தாழ்விடங்களில் மழைநாளில் நீர் தேங்குவதை எல்லோரும் அறிவர். கூட்டுக்குக் கால் கொடுத்து உயர்த்துக. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தை உரிய காலத்தில் கொடுத்துவிடுக. பறவைக் காய்ச்சல் வந்தால் சுற்றுவட்டாரத்துப் பறவைகளை எல்லாம் அரசாங்கத்தார் கொல்வர். 2023 ஜனவரியில் நம் மாவட்டத்து அழூரில் அவ்வாறு நேர்ந்தது. அன்று பறவையை ஒளித்துவைப்பது கருணையன்று. அயலாரின் உயிரோடு விளையாடுவதாகும்.

கூட்டுக் கழிவை மண்ணிற் புதைத்து எருவாக்குக. ஆமையிழஞ்சான் தோட்டில் கொட்டாதீர். 2024 ஜூலையில் இரயில் நிலையத்துக்கு அடியில் அத்தோட்டின் குப்பையை அள்ள இறங்கிய தொழிலாளர் ஒருவர் உயிரோடு மீளவில்லை. ஊர் எறிவதை அள்ளுவோர் எந்தக் குடிகளிலிருந்து அனுப்பப்படுகின்றனர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டுமா? கோழிக்கு இரங்கி மனிதனை மறக்கும் கருணை நமக்கு வேண்டாம்.

தம்மம் ஏற்குமுன் மாடனுக்கோ இசக்கிக்கோ சேவலை நேர்ந்துவிட்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. முதியோர் சிலர் அந்த நேர்ச்சை கடனாக நிற்பதாக இன்னும் அஞ்சுகின்றனர். அவர்களை ஏளனம் செய்யற்க. கோயிற் பலியைக் கேரளம் 1968-லேயே சட்டத்தால் தடுத்தது. ஆனால் அச்சத்தைச் சட்டம் போக்காது. நேர்ந்த சேவலை முதுமை அடைந்து தானே சாகும்வரை தீனியிட்டு வளர்க்கட்டும். அதன் ஒவ்வொரு விடியற்காலைக் கூவலும் அவ்வீட்டின் அச்சத்தை ஒரு படி குறைக்கும்.

எஞ்சியது வறுமையின் கேள்வி, இதுவே பெரிது. "சேவலை விற்காவிட்டால் பள்ளிக் கட்டணத்துக்கு எங்கே போவது? நீங்கள் வந்து கட்டுவீர்களா?" என்று ஓர் உபாசிகை கூட்டத்தில் கேட்டார். அவரைச் சீலம் குன்றியவர் என்று சொல்ல எவர்க்கும் வாய் வரலாகாது. கூலியில் பாதி வீட்டு வாடகைக்குப் போகின்ற வீட்டில் ஆறு சேவலுக்குச் சும்மா தீனியிடச் சொல்வது, மாத ஊதியம் வாங்குவோர்க்கு எளிய போதனை. அம்மையார் கேட்டது சரியே: சுமை முழுவதையும் வளர்ப்பவள் தலையில் ஏற்றிவிட்டு, முட்டையை மட்டும் நாம் மலிவாக வாங்குகின்றோம்.

ஆகவே இதற்கும் கணக்குப் போடுவோம். ஒரு சேவல் நாளுக்கு 100 கிராம் தீனி உண்ணும் என்றும், அதில் பாதியை முற்றத்தில் கொத்தித் தேடிக்கொள்ளும் என்றும் கொண்டால், ஆண்டுக்கு நாம் இடவேண்டியது ஏறத்தாழ 18 கிலோ. நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். 70 என்று வைப்போம். 18 கிலோவை 70-ஆல் வகுத்தால் ஒரு முட்டைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல். சங்கத்து வீடுகளில் நாட்டுமுட்டை வாங்குவோர் வழக்கமான விலையோடு முட்டைக்குக் கால் கிலோ குருணையோ தவிடோ கம்போ கொண்டுவந்து கொடுக்கட்டும். விரும்புவோர் அதன் விலையைக் கொடுக்கலாம். அப்போது சேவலை விற்காமல் வைத்துக்கொள்ள அவ்வம்மையாருக்கு இயலும். பள்ளிக் கட்டணத்துக்குச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் தருவதைப் பற்றி அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் பேசவேண்டும். வருவோர் தம் வீட்டில் எத்தனை பெட்டை, எத்தனை சேவல் என்று எழுதிக்கொண்டு வருக.