மூடுபனி தந்த அவகாசம்

கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த கிரே பிரபு 1909-இல் வழங்கிய கிரே கோப்பை, அணிக்குப் பன்னிருவர் நீள்வட்டப் பந்தைக் கொண்டு ஆடும் கனடியக் கால்பந்தின் உயரிய பரிசாகும். 1962 டிசம்பர் 1 அன்று டொராண்டோவில் அக்கோப்பைக்காக வின்னிபெக் புளூ பாமர்ஸ் அணியும் ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் அணியும் மோதியபோது, ஒன்டாரியோ ஏரியிலிருந்து படர்ந்த மூடுபனி பந்தையே கண்ணுக்கு எட்டாமல் மறைத்தது; நான்காவதும் இறுதியுமான கால்பகுதியில் 9 நிமிடம் 29 நொடி எஞ்சியிருக்க, வின்னிபெக் 28–27 என முன்னிலை வகித்த நிலையில், ஆட்டம் நிறுத்தப்பட்டது. எஞ்சிய நேரம் மறுநாள் ஆடப்பட்டும் எவரும் புள்ளி சேர்க்காததால், அதே ஒரு புள்ளி வேறுபாட்டில் வின்னிபெக் வென்றது.

முதல் நாளிலேயே கோப்பையை அளித்திருந்தாலும் வென்றவர் மாறியிருக்க மாட்டார். ஆயினும், தோற்ற அணி எஞ்சிய ஒவ்வொரு நொடியையும் தெளிந்த ஒளியில் ஆடிப் பார்த்த பின்னரே தோற்றது என்பதுதான் அவ்வெற்றியை ஐயத்திற்கு இடமற்றதாக்கியது. தெளிவாகக் காண இயலாத வேளையில் தீர்ப்பை ஒத்திவைப்பது தயக்கமன்று, நேர்மையின் கடமையாகும்.