காவிரிக்குக் காவிரியில் பங்கு உண்டா?

2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பை அளித்தபோது, ஒரு பேராற்றின் ஆண்டு வரவு ஒரே எண்ணுக்குள் அடங்கியது: 740 டி.எம்.சி. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. இந்த நான்கையும் கூட்டினால் 726 வரும். மீதி 14. அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கடைசி 4 டி.எம்.சி., எப்படித் தடுத்தாலும் கடலுக்குப் போயே தீரும் நீர் என்று எழுதப்பட்டது.

419-க்கும் 270-க்கும் நடந்த போராட்டங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினான்கைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. நூற்றுக்கு இரண்டுகூட வராத பங்கு அது. ஆனால் காவிரியைத் தாய் என்று கும்பிடும் மக்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஆறு பங்கிடப்படும் சொத்து மட்டும்தானா? பங்கு கேட்கும் உரிமை அதற்கும் உண்டா?

நாற்காலியும் மேசையும் கூட்டக் குறிப்புமாக நடக்கும் ஓர் அலுவலகம் இந்தக் கேள்விக்குத் தினமும் தன் வழியில் விடை எழுதிக்கொண்டிருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் கூட்டியது. கர்நாடகம் பிலிகுண்டுலுவில் அளந்து விட வேண்டிய நீர் 192-லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. இதை நிறைவேற்ற அவ்வாண்டு ஜூன் 1 அன்று காவிரி மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் மத்திய அரசிதழில் அறிவிக்கப்பட்டன. ஜூலை 2 அன்று டெல்லியில் முதல் கூட்டம் கூடி, ஜூலை மாதத்துக்குரிய 31.24 டி.எம்.சி.யை விடச் சொன்னது.

ஆணையத்தின் ஆண்டு ஜூன் 1-இல் பிறந்து மே 31-இல் முடிகிறது. பாணாசுர சாகர், ஹேமாவதி, ஹாரங்கி, கபினி, கண்ணம்பாடி, பவானிசாகர், அமராவதி, மேட்டூர் ஆகிய எட்டு அணைகளில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு அணைகளுக்கு வரும் நீர், பெய்த மழை, மாநிலங்கள் கேட்கும் அளவு எல்லாம் மேசைக்கு வருகின்றன. பருவமழை தொடங்கும் ஜூனிலும் அக்டோபரிலும் பத்து நாளுக்கு ஒரு முறையும், மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவதும் ஒழுங்காற்றுக் குழு கூட வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பது விதி. அதைத்தான் 'இடர்ப்பாட்டுப் பகிர்வு' என்கிறார்கள்.

காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. 2023-இல் அந்தத் தெளிவு சோதிக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஆணையம் முதலில் வினாடிக்கு 10,000 கன அடி விடச் சொன்னது. அது 5,000 ஆகி, செப்டம்பர் இறுதியில் 3,000-க்கு இறங்கியது. செப்டம்பர் 26 அன்று பெங்களூரிலும் 29 அன்று கர்நாடகம் முழுவதும் கடையடைப்பு. இங்கே டெல்டாவில் குறுவை காய்ந்தது. மண்டியாவின் கரும்புக்காரரும் தஞ்சையின் நெல்காரரும் ஒரே வானத்தைப் பார்த்துப் பயந்த மாதங்கள் அவை. மழை பெய்யாததைப் பங்கு போடும் வேலை, பெய்ததைப் பங்கு போடுவதைவிடப் பல மடங்கு கடினமானது. அதைச் செய்ய ஓர் ஆணையம் இருப்பதே பெரிய காரியம். 1991-இல் இடைக்காலத் தீர்ப்பைத் தொடர்ந்து கர்நாடகத்தில் தமிழர் வீடுகள் எரிந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

ஒரு ஆறு யாருடையது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் தந்த விடை தத்துவத்தின் எல்லையைத் தொட்டது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு தேசத்தின் சொத்து; எந்த மாநிலமும் அதன் மேல் முழு உரிமை கொண்டாட முடியாது என்றது. தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்று 1895-இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஹார்மன் சொன்ன கருத்து இங்கே செல்லாது. நியாயமான பங்கீடு என்னும் 1966-ஆம் ஆண்டு ஹெல்சின்கி விதிகளின் கொள்கையே நின்றது.

அதே தீர்ப்பில் இன்னொரு முடிவும் இருந்தது. பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரி வடிநிலத்துக்குள் வருகிறது என்பதால், நடுவர் மன்றம் அந்த அளவுக்கே குடிநீர் கணக்கிட்டிருந்தது. உச்ச நீதிமன்றமோ நகரம் முழுவதன் தாகத்தையும் கணக்கில் எடுத்து 4.75 டி.எம்.சி.யைக் கூடுதலாகக் கொடுத்தது. ஆற்றின் மேல் உரிமை நிலத்தால் வருகிறதா, தேவையால் வருகிறதா? தேவையால் வருகிறது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த விடையில் கருணை இருக்கிறது. ஆனால் தேவைதான் அளவுகோல் என்றால், பேச முடியாதவற்றின் தேவையை யார் மனுவாக எழுதுவது?

கணக்கின் உள்ளே போனால் இன்னொன்றும் தெரியும். குடிநீருக்காக ஆற்றிலிருந்து எடுப்பதில் நூற்றுக்கு 20 பங்கு மட்டுமே 'செலவு'. தொழிற்சாலைக்கு எடுப்பதில் இரண்டரைப் பங்குதான். மீதி ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது என்பது கணிப்பு. அளவில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எப்படித் திரும்புகிறது? பெங்களூரின் கழிவைச் சுமந்து விருஷபாவதி அர்க்காவதியில் விழுகிறது. அர்க்காவதி காவிரியில் விழுகிறது. பழியை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டுத் தமிழ்நாடு தப்பிக்கவும் முடியாது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலைக் கொன்றது நம் கண்முன்னே நடந்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியானது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த நொய்யலும் கரூர் மாவட்டத்தில் காவிரியில்தான் கலக்கிறது. கடன் வாங்கியவர் அரிசியை வாங்கி உமியைத் திருப்பித் தந்தாலும் கணக்கு நேராகிவிடுகிற புத்தகம் இது.

இனி, அதே ஆற்றைக் கும்பிடுகிறவர்கள் பக்கம் வருவோம்.

காவிரி பிறந்த கதைகளில் இரண்டு பரவலானவை. தமிழ்நாட்டுக் கதையில் அகத்தியர் அவளைக் கமண்டலத்தில் வைத்திருக்கிறார். விநாயகர் காகமாக வந்து தட்டிவிட, அவள் ஓடுகிறாள். குடகில் சொல்லப்படும் கதையில் அவள் அகத்தியரின் மனைவி. என்னைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை வைத்து மணந்தவள், அவர் ஒரு நாள் அதை மீறியதும் நீராகிப் புறப்பட்டுவிடுகிறாள். குடகர்களுக்கு அவள் குலத்தாய். ஐப்பசி பிறக்கும் நாளில் தலைக்காவிரியில் அவள் பொங்கி வருவதைக் காணக் கூட்டம் சேரும். தமிழ்நாட்டில் அதே ஐப்பசி முழுதும் மயிலாடுதுறையில் துலா நீராடல். மாதத்தின் கடைசி நாளில் கடைமுகம். இரண்டு ஊர்க் கதைகளிலும் அவளைத் தேக்கி வைத்திருந்தவர் சாதாரண மனிதர் அல்லர், மாமுனிவர். அவரிடத்திலும் அவள் தங்கவில்லை. அவளை வைத்திருப்பவருக்கு அவள் சொந்தம் ஆகிவிடுவதில்லை என்ற எண்ணம் நடுவர் மன்றத்துக்கு வெகு காலம் முன்பே இரண்டு கரையிலும் இருந்திருக்கிறது.

ஆடிப் பதினெட்டில் ஸ்ரீரங்கத்து அரங்கநாதர் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். பட்டும் மங்கலப் பொருள்களும் காவிரிக்குச் சீராகப் போகின்றன. நம் குடும்பங்களில் சீர் யாருக்குக் கொடுப்போம்? வீட்டில் உரிமை உள்ளவளுக்கு. அது தானமாகக் கருதப்படுவதில்லை. கொடுக்காவிட்டால் கேட்கும் நியாயம் அவளுக்கு உண்டு. இறைவனே ஆற்றைத் தன்னிடம் உரிமை கொண்ட ஒருத்தியாக நடத்துகிறான் என்பதுதான் அந்தச் சடங்கின் உள்ளடக்கம். சில ஆண்டுகளில் ஆடிப்பெருக்கில் மக்கள் நீராடுவதற்காகவே மேட்டூரிலிருந்து நீர் திறக்கப்பட்டதும் உண்டு. அப்போதும் அந்த நீர் நமக்காகவே வந்தது. நாம் முழுக்குப் போட வேண்டும் என்பதற்காக ஆறு ஓடியது. ஆறு ஓட வேண்டும் என்பதற்காக நாம் எதையாவது விட்டுக்கொடுத்தோமா? பக்தி பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

ஆற்றுக்கு உரிமை என்றதும் இது வெளிநாட்டுச் சிந்தனை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 2017-இல் நியூசிலாந்து வாங்கனுய் ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்று, அதன் சார்பில் பேச இருவரை நியமிக்க வழி செய்தது உண்மை. ஒருவர் அரசின் தரப்பு, மற்றவர் ஆற்றங்கரை மாவோரி மக்களின் தரப்பு. ஆனால் மனிதரல்லாத ஒன்று வழக்காடுவது காவிரிப் படுகைக்குப் புதியதா? கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்டதாகச் சொல்லும் மனுநீதிச் சோழன் கதை திருவாரூருடையது. அந்தக் கல்தேர் இன்றும் அங்கே நிற்கிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து லண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசர் வழக்கில், பாழடைந்த அந்தச் சிவன் கோயில் வழக்காடத் தகுதி உள்ளது என்று இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் ஏற்றன. 1991-இல் நடராசர் ஊர் திரும்பினார். இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வத்துக்குச் சொத்து இருக்கலாம். அதன் சார்பில் வழக்கும் போடலாம். கோயிலுக்குள் இருக்கும் தெய்வத்துக்கு உள்ள இந்தத் தகுதி, கோயில் வாசலில் ஓடும் தெய்வத்துக்கு மட்டும் இல்லை.

2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள சட்ட நபர்கள் என்று அறிவித்தது. அம்மாநில அரசே மேல்முறையீடு செய்ய, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வெள்ளத்தில் ஊர் அழிந்தால் ஆற்றின் மேல் வழக்குப் போடுவார்களா, இழப்பீட்டை யார் கட்டுவது என்று அரசு கேட்டது. அது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஆற்றை நபர் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவசரமான நம்பிக்கை. பட்டம் கொடுத்துவிட்டுப் பங்கைக் கொடுக்காமல் இருக்கவும் முடியும்.

பங்கு என்று வரும்போது இடமும் காலமும் வேண்டும். இப்போது சுற்றுச்சூழலுக்கான 10 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் 177.25-க்குள்ளேயே அடங்குகிறது. அட்டவணைப்படி பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. வர வேண்டும். வந்த நீர் மேட்டூர் அணையில் சேர்கிறது. அங்கிருந்து பூம்புகார் வரை, கோடையில் எந்த ஊரில் எவ்வளவு ஓட வேண்டும் என்று அந்த மாதவாரி அட்டவணை எதுவும் சொல்வதில்லை.

'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று மழைக்காலம்தோறும் கேட்கிறோம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது அந்தக் குரல் உரக்கவே ஒலித்தது. கண்முன் போன நீரைப் பார்த்த உழவரின் வருத்தம் நியாயமானது. வெள்ள ஆண்டுகளில் கடல் பெறும் நீர் பதினான்கைவிடப் பல மடங்கு என்பதும் உண்மைதான். ஆனால் டெல்டா என்ற நிலமே ஆறு கடலுக்குப் போகும் வழியில் இறக்கி வைத்த வண்டல். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே பிச்சாவரத்துச் சதுப்புக் காடு நிற்பது நன்னீரும் உப்புநீரும் அங்கே கலப்பதால். கழிமுகத்தில் குஞ்சு பொரிக்கும் மீனுக்கும் இறாலுக்கும் அந்தக் கலப்பு வேண்டும். ஆற்றின் தள்ளுவிசை குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. கடைமடையில் கிணறு உவர்க்கிறது. கடலுக்குப் போகாத ஆறு முதலில் தண்டிப்பது கடைமடை விவசாயியையும் மீனவரையும்தான். அவர்களுக்குத் தேவைப்படுவது எப்போதோ வரும் பெருவெள்ளம் மட்டும் அன்று, ஆண்டு முழுவதும் நிற்காத மெல்லிய ஓட்டம்.

ஆணையத்தில் மத்திய அரசுக்கு உறுப்பினர்கள் உண்டு. நான்கு தரப்புகளுக்கும் தலா ஒரு பிரதிநிதி உண்டு. கழிமுகத்துக்கோ, ஆற்றுக்கோ தனியாக ஓர் இருக்கை இல்லை. 2003-இல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றை அமைத்து, ஒருவர் வயலுக்கு ஒருவர் போய்ப் பார்த்துப் பேசினார்கள். வாய்தாவிலேயே பேசிப் பழகிய வழக்கில் அது அபூர்வமான காரியம். அதுபோன்ற ஒரு மேசையில் கடைசி நாற்காலியை ஆற்றுக்கென்று போட்டு, நீரியலும் மீனவ வாழ்க்கையும் அறிந்த ஒருவரை உட்கார வைக்க எந்தச் சாத்திரமும் தடை சொல்லாது.

2018 தீர்ப்பின் பங்கீடு பதினைந்து ஆண்டுகளுக்கு மாறாது. அந்தக் கெடு 2033-இல் முடியும்போது மாநிலங்கள் தங்கள் தங்கள் புள்ளிவிவரங்களோடு வரும். அதற்கான வேலைகள் இப்போதே நடக்கும். ஆற்றின் தரப்புக்கும் அப்படி ஒரு கோப்பு வேண்டும். மேட்டூருக்குக் கீழே கோடை ஓட்டம் எவ்வளவு, கொள்ளிடத்தில் உப்பு எதுவரை ஏறியிருக்கிறது, அர்க்காவதியும் நொய்யலும் கொண்டுவரும் நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம்தோறும் அளந்த பதிவுகள் அதில் இருக்க வேண்டும். அதை எழுதத் தொடங்க நடுவர் மன்றத்தின் அனுமதி தேவையில்லை. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் மீனவச் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் இந்த ஜூன் முதல் தேதியிலேயே தொடங்கலாம்.