ஓடிபி சொன்னவர் குற்றமா?

மருங்காபுரிப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்குக் கூலி வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. கையில் கொடுங்கள் என்று கேட்க வழியில்லை. பணம் மின்னணுவானது அவர் விருப்பத்தால் அல்ல. அப்படிப்பட்டவரிடம் "பேங்க்லேருந்து பேசுறோம், கார்டு பிளாக் ஆகப்போகுது" என்று பதறவைத்து ஒரு குரல் ஓடிபியை வாங்கிவிட்டால், போன பணம் யார் தலையில் விழ வேண்டும்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு கோடு கிழித்தது. வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. தவறு இருவர் மீதும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கும் அப்படியே. ஆனால் ரகசிய எண்ணைத் தானே சொன்னவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன முழுத் தொகையையும் தானே சுமக்க வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையை வங்கி மீது வைத்தது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓடிபி சரியாகப் பதிவாகியிருக்கும்போது நிரூபிக்க என்ன மிச்சம்?

இதே வாதம் ஒருமுறை ஒரு மத்திய வங்கிக்கு எதிராகவே திரும்பியது. 2016 பிப்ரவரியில் வங்கதேச வங்கியின் கணினிக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க் பெடரல் ரிசர்வில் அது வைத்திருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி உத்தரவுகள் அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி, பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் பிடிபட்டுத் திரும்பியது. (பிழை திருத்துகிறவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) உத்தரவுகள், வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் முறைப்படி உறுதிசெய்யப்பட்டே வந்தன என்றது நியூயார்க் பெடரல் ரிசர்வ். ஓடிபி சரியாகத்தானே இருந்தது என்பதுதான் இதுவும். வங்கதேச வங்கி அதைக் கேட்டு அடங்கிவிடவில்லை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் வங்கி மீது 2019-இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது.

நிபுணர்களும் காவலும் உள்ள ஒரு நாட்டின் வங்கிக்கே அந்த நியாயம் உண்டென்றால், கூலிக்காரருக்கு ஏன் இல்லை?

எதிர்வாதம் அற்பமானதல்ல. போனதையெல்லாம் வங்கி ஈடுகட்டினால் கவனம் தளரும், கூட்டுக்களவும் நடக்கும். செலவு கடைசியில் மற்ற வைப்பாளர்கள் மீதுதான் வந்து விழும். பிரிட்டன் இந்த அச்சத்தோடேயே வேறு வழியில் போனது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். மிகக் கடுமையான அலட்சியத்துக்கு மட்டும் விலக்கு. எளிதில் ஏமாறும் நிலையில் உள்ளவர்களுக்கு அந்த விலக்கையும் காட்டி மறுக்க முடியாது. ஈட்டுத்தொகையில் பாதி அனுப்பிய வங்கியுடையது, பாதி வாங்கிய வங்கியுடையது.

அந்த இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. களவுப்பணம் காற்றில் கரைவதில்லை; முதலில் யாரோ ஒருவரின் கணக்கில் விழுகிறது. வாடகைக்கு விடப்பட்ட அத்தகைய கணக்குகளை மோப்பம் பிடிக்க ரிசர்வ் வங்கி 2024-இல் 'மியூல்ஹண்டர்' என்ற மென்பொருளை அறிவித்ததே, அவை எவ்வளவு மலிந்துவிட்டன என்பதற்குச் சாட்சி. அந்தக் கணக்கையும் ஒரு வங்கிதான் கேஒய்சி பார்த்துத் திறந்து கொடுத்திருக்கிறது. ஓடிபியை ஏன் சொன்னீர்கள் என்று மருங்காபுரிக்காரரிடம் கேட்கிற யாரும், இந்தக் கணக்கை ஏன் திறந்தீர்கள் என்று அந்த வங்கியிடம் அதே குரலில் கேட்பதில்லை.