முதலாளி போன பிறகு வரும் பேறுகாலம்

அகத்தியர்கூடத்தின் மேற்குச் சரிவில், திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு நடந்து ஏறுவோர் புறப்படும் இடம் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் காட்டைத் திருத்தி உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து கிள்ள மலையேறிய கூலிக் குடும்பங்களில் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். இன்று தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. கவாத்து காணாத தேயிலைச் செடிகள் மரமாகிவிட்டன. சம்பள பாக்கியும் பணிக்கொடையும் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களில் பலர் மலையிறங்கிப் போய்விட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் லயங்கள் எனப்படும் பழுதான வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள்.

அந்த லயம் ஒன்றில் ஒரு பெண் கருவுற்றால், அவளுடைய பேறுகாலத்துக்குக் கடமைப்பட்டவர் யார்?

இதற்குச் சட்டம் ஒரு காலத்தில் தெளிவாகப் பதில் சொன்னது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், பள்ளி எல்லாவற்றையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் பிள்ளைக் காப்பகம் நடத்தியாக வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் அதற்கு மேல் கூலியோடு 12 வாரம் ஓய்வு கொடுத்தது. 2017இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமானது. அன்றைய மலையில் அரசாங்கத்தின் கை எட்டாது. முதலாளியின் கை எட்டும். ஆகவே அவரையே அரசாங்கம்போல ஆக்கிவிட்டார்கள். காலத்துக்கு ஏற்ற ஏற்பாடுதான். ஆனால் முதலாளி வெளியேறும் நாளில் கூலியோடு மருத்துவரும், மருத்துவச்சியும், பிள்ளைக் காப்பகமும், கூரையைச் சரிசெய்யும் ஆளும் ஒன்றாக வெளியேறிவிடுவார்கள் என்பதை அந்த ஏற்பாடு எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தச் சட்டங்களின் நன்மையைச் சிறிதாக்கக் கூடாது. ஆனைமலையில் மவுண்ட் ஸ்டூவர்ட் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் 1968 ஜனவரியில் பிள்ளை பெற்றார். 12 வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாள் கூலிதான் நிர்வாகம் தந்தது. வாரம் என்றால் ஏழு நாள், 84 நாளுக்கும் கூலி வேண்டும் என்று அவர் வழக்காடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977 அக்டோபரில் அவர் பக்கம் தீர்ந்தது. 12 நாள் கூலிக்காக ஒரு தோட்டப் பெண் நடத்திய அந்த வழக்கின் பலனை இந்தியாவில் அதன் பிறகு பிள்ளை பெற்ற எத்தனையோ உழைக்கும் பெண்கள் அனுபவித்திருக்கிறார்கள். ஆயினும் அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். பேறுகாலத்தில் அவள் உயிர் வாழவும், இழந்த தெம்பை மீட்கவும், குழந்தையைப் பேணவும் வேண்டும் என்ற நீதிமன்றம், தொழிலாளியாக அவளுடைய திறன் குறையாமல் இருப்பதையும் சேர்த்துக்கொண்டது. ஓய்வுக்குப் பின் அவள் திரும்பிவரப் போகும் வேலை ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் அந்த நியாயத்தின் அடியில் கிடக்கிறது. திரும்பிவர வேலையே இல்லாத போனக்காட்டுப் பெண்ணுக்கு அந்த நியாயம் எட்டாது.

எட்டாத தூரத்தைக் கணக்காகவே பார்க்கலாம். கேரளத்தில் தோட்டத் தொழிலாளியின் நாள்கூலி இன்று 400 ரூபாய்க்கு மேல். 26 வாரத்துக்கு 182 நாள். ஓடுகிற தோட்டத்தில் பிள்ளை பெறும் பெண்ணுக்குச் சட்டப்படி சேர வேண்டியது 70,000 ரூபாயைத் தாண்டும். மூடிய தோட்டத்துப் பெண்ணுக்கு எஞ்சுவது மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்குக் கிடைக்கும் 5,000 ரூபாய். இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000. அவளுடைய கருப்பை சுருங்க எடுக்கும் நாள்களும் அதே நாள்கள்தான். பால் கட்டும் வலியும், தையல் ஆறும் காலமும் தொழிற்சாலை ஓடுகிறதா என்று கேட்டு மாறுவதில்லை. ஒரே மலைத் தொடரில், ஒரே தொழிலில் பிறந்த இரண்டு பெண்களை இவ்வளவு தூரம் விலக்கி வைப்பதற்கு அறத்தில் ஒரு காரணமும் கிடையாது.

முதலாளியிடம் பொறுப்பை வைத்தது முதலில் தவறா? 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடையும் முதலாளி அவளுடைய ஓய்வுக்காலத்தின் சுமையில் ஒரு பங்கை ஏற்பது நியாயம் என்றும், தாயின் ஓய்வு நாட்டின் நலன் என்பதால் அரசே அதில் பெரும்பங்கு ஏற்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். தோட்டங்களுக்கு முதல் பாதி இரட்டிப்பாகப் பொருந்தும். லயத்தில் பிறந்த குழந்தை பதினைந்து இருபது ஆண்டில் அதே மலையில் கூடை சுமந்தது. புது ஆளைக் கங்காணி வைத்துத் திரட்டும் செலவு தோட்டத்துக்கு மிச்சமானது. இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். பெண் கிள்ளிய கொழுந்து மட்டும் தோட்டத்தின் வருமானம் என்று நினைப்பது தவறு; அவள் பெற்ற பிள்ளைகளும் அதன் வருமானம்தான். ஆகவே தோட்டம் மூடியதும் அந்தக் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. பாக்கி நிற்கும் கூலியும் பணிக்கொடையும் வெறும் தொழில் தகராறு என்று கோப்பில் கிடக்கலாம். அந்தப் பணம்தான் ஒரு மகளின் தலைப்பிரசவத்துக்குத் தாய் வைத்திருக்க வேண்டிய பணம்.

அம்பேத்கர் வாதத்தின் இரண்டாம் பாதியை நாம் மறந்துவிட்டோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, பேறுகாலப் பணத்தைச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொதுப்பணத்திலிருந்தோ கொடுக்கச் சொல்கிறது. தனியொரு முதலாளியின் தலையில் நேரடியாகக் கட்டுவது பொதுவாகக் கூடாது என்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. செலவு முழுவதும் தன் மேல் விழும் என்றால் முதலாளி பெண்ணை வேலைக்கு வைக்கவே தயங்குவார் என்பது தெரிந்த ஆபத்து. அவர் ஓடிப்போனால் என்ன செய்வது என்பது இன்னும் பெரிய ஆபத்து. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்போது நடைமுறைக்கு வந்து 1961 சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டிருக்கிறது. பேறுக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதுவும் விடவில்லை. பூட்டிய வாசலில் 80 நாளை எங்கே போய்த் தேடுவது?

அதே அகத்தியர்கூடத்தின் கிழக்குச் சரிவு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அங்கே வறிய குடும்பத்துப் பெண்ணுக்கு இரண்டு பேறு வரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. யாரிடம் வேலை செய்தாய் என்ற கேள்வி அதில் இல்லை. தொகை போதாது என்பது வேறு விஷயம். உரிமை யாரைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதில் அந்தத் திட்டம் சரியான இடத்தில் நிற்கிறது.

பணத்தோடு பிரச்சினை முடிவதில்லை. மலையில் இருக்கும் கர்ப்பிணியிடம் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: நாள் நெருங்குமுன் கீழே இறங்கிவிடு. விதுராவில் தாலுகா மருத்துவமனை, நெடுமங்காட்டில் மாவட்ட மருத்துவமனை, நகரத்தில் 1952இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. மருத்துவமனை. சிக்கலான பேறு கடைசியில் எஸ்.ஏ.டி.க்குத்தான் போகும். இடையில் இருப்பது காட்டு வழி, மழை, யானை, எப்போதாவது வரும் வண்டி. பிள்ளை பிறந்த பின் உதிரம் கட்டுப்படாமல் போனால், நல்ல உடம்புக்காரியும் சில மணி நேரத்தில் உயிரை விடக்கூடும். தாதியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் தாய் இறப்புக்கு மூன்று தாமதங்களைக் காரணம் காட்டினார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, சேர்ந்த இடத்தில் கவனிக்கப்படுவதில் ஒன்று. மலைவாசிக்கு மூன்றும் வாய்க்கும். ஆகவே இறங்கச் சொல்வது சரியான அறிவுரை. வீட்டிலேயே பெற்றுக்கொள்வது பெண்ணின் சுதந்திரம் என்று வாதிடுவோர், மருத்துவமனை அரை மணியில் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு வாதிடுகிறார்கள்.

ஆனால் சரியான அறிவுரை சொல்வதால் மட்டும் சொன்னவர் கடமை தீர்ந்துவிடாது. இறங்கி எங்கே தங்குவாள்? மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள்? துணைக்கு வரும் அம்மாவோ மாமியோ இழக்கும் நாள்கூலியை யார் ஈடுசெய்வார்கள்? தலைப்பேறு தாய்வீட்டில் என்பது தமிழ்ப் பெண்ணுக்கு வழிவழியாக வந்த உரிமை. தன் ஆட்களுக்கு நடுவே, பயத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஓர் இடம் அது. லயத்துப் பெண்ணுக்குத் தாய்வீடு என்பதும் பெரும்பாலும் இன்னொரு லயம்தான். பாதுகாப்பான இடத்துக்கு அவளை அழைக்கும் அரசு, அந்த இடத்தில் அவளுடைய ஆட்கள் இருக்கவும் வழி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் உண்டு. பேறு நடக்கும் அறையில் பெண் விரும்பும் துணை ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டவும் நடத்தவும் கூடிய காரியங்கள் இவை.

இவ்வளவு குறைந்த குடும்பங்களுக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வியை நிர்வாகம் கேட்கும். தாய் இறப்பைக் குறைப்பதில் கேரளம் நாட்டுக்கே முன்மாதிரி. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 19 தாய் இறப்பு. இந்தியச் சராசரி 97. பெருமைப்பட வேண்டிய சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் சராசரி என்பது பலருடைய கணக்கு, பேறு ஒருத்தியினுடையது. அந்த எண்ணை மேலும் குறைக்க வேண்டுமானால் எஞ்சியிருக்கும் இடங்கள் இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும்: சாலை முடியும் ஊர், மூடிய தோட்டம், காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பு. எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதை அவர்களுக்குச் செய்யாமலிருக்கக் காரணமாக்கினால், இதே கேரளம் ஆரம்பத்தில் எந்த ஊருக்குமே மருத்துவமனை கட்டியிருக்க முடியாது.

உயிர் பிழைப்பு ஒன்றை மட்டும் அளவாக வைத்தால் இன்னொரு பிழையும் நேர்கிறது. பேறு என்பது எல்லாப் பெண்ணுக்கும் ஒரே அனுபவம் கிடையாது. ஒருத்திக்கு வலி கண்டு இரண்டு மணி நேரத்தில் பிறந்துவிடுகிறது. இன்னொருத்தி ஒரு பகலும் ஓர் இரவும் புரள்கிறாள். ஒருத்திக்கு அறுவைச் சிகிச்சை நிம்மதி தருகிறது. இன்னொருத்திக்குத் தன்னைக் கேட்காமலே முடிவெடுத்தார்களே என்ற மனக்குறை ஆண்டுகள் கழிந்தும் ஆறுவதில்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 38.9 சதவீதப் பேறுகள் அறுவைச் சிகிச்சையில் நடந்தவை. சிலர் குழந்தையைப் பார்த்த நொடியில் தாயாகிவிடுகிறார்கள். சிலருக்கு அது மாதக்கணக்கில் வருவதில்லை. அழுகையும் வெறுமையும்தான் வருகின்றன. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வான அந்த நோயை உடலின் காய்ச்சலைப் போலவே பார்த்துக் குணப்படுத்த முடியும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். வெறுங்கையோடு மலையேறித் திரும்புபவர்களும் உண்டு. கரு கலைந்தால் கூலியோடு 6 வாரம் என்று சட்டம் சொல்வது அவர்களுடைய துக்கத்துக்குக் கொடுத்த மரியாதை. அந்தச் சட்டம் மூடிய தோட்டத்தில் செல்லுபடியாகாது என்னும்போது மரியாதையும் சேர்ந்து போகிறது.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்பதும் அதே சட்டம். சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பவள் இறங்கிப் போய்ப் பாலூட்டித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று தோட்டம் ஓடிய நாளிலேயே பலர் கேட்டதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தாங்களாகத் தெருவில் இறங்கியபோதுதான் இந்தப் பெண்களுக்கும் குரல் உண்டு என்று கேரளம் அதிர்ந்து திரும்பிப் பார்த்தது. போனக்காட்டில் அப்படித் திரண்டு நிற்க ஆள் எண்ணிக்கை இல்லை. திரண்டு கேட்கக்கூடியவர்களுக்கு மட்டும் கிடைப்பதை நீதி என்று சொல்லக் கூடாது.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணியில் இருப்போரும் வேறு சட்டத்தில் இதே போன்ற பயன் பெறுவோரும் நீங்கலாக ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி உண்டு என்று எழுதிவைத்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் என்று எழுதிய நாடு, நடைமுறையில் முதல் குழந்தை, இரண்டாவது பெண் குழந்தை என்று குறுக்கிக்கொண்டது. பிள்ளை பெறும் பெண் எந்த வேலையில் இருந்தாள், எத்தனை நாள் இருந்தாள், முதலாளி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்காமல், பெறுகிறாள் என்ற ஒன்றுக்காகவே ஆறு மாதக் குறைந்தபட்சக் கூலியைப் பொதுப்பணத்திலிருந்து தர வேண்டும். ஓடுகிற நிறுவனங்களிடம் அதற்கான பங்கை வரியாக வசூலிக்கட்டும். மூடிய நிறுவனங்களின் சொத்திலிருந்து எடுக்கட்டும். பெரிய சட்டத் திருத்தம் வரக் காலம் ஆகலாம். விதுரா மருத்துவமனையை ஒட்டி மலையிலிருந்து இறங்கும் கர்ப்பிணிகளும் அவர்களுக்குத் துணையாக வருவோரும் தங்க நான்கைந்து அறைகள் கட்டவும், துணைக்கு வருபவருக்கு நாள்கூலி கொடுக்கவும் திருத்தம் எதுவும் வேண்டாம். கேரள அரசும் திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகமும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்து முடிக்க வேண்டும்.