எல்லைக்கல்லுக்கு இருபுறமும்

கொள்ளைநோய் ஊருக்குள் வந்துவிட்டால் போதகர் தங்க வேண்டுமா, தப்பிப் போகலாமா? இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள் மார்ட்டின் லூதருக்கு எழுதிக் கேட்ட கேள்வி இது. பதில் வரத் தாமதமாகவே திரும்பவும் கேட்டார்கள். 1527இல் லூதர் ஒருவழியாகப் பதில் எழுதி முடித்தபோது, அவர் வாழ்ந்த விட்டன்பர்கிலேயே பிளேக் புகுந்திருந்தது.

ஆகஸ்ட் மாதமே பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றிவிட்டார்கள். லூதரையும் கிளம்பச் சொன்னார் ஆட்சியாளர் யோகான். அவர் அசையவில்லை. மனைவி காதரீனா பிள்ளைத்தாய்ச்சி. மகன் ஹான்ஸ் நடைபழகும் குழந்தை. வீடு பாதி மருத்துவமனையாகிவிட்டது. மேயரின் மனைவி ஏறக்குறைய லூதரின் கைகளிலேயே உயிர்விட்டார்.

இப்படித் தங்கிவிட்ட ஒருவர், ஓடுகிறவர்களை ஏசுவார் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும். லூதர் ஏசவில்லை. உயிருக்குப் பயந்து விலகிப்போவது இயல்பு, அதில் பாவமில்லை என்றார். ஆனால் போதகர், நகரத்தை நிர்வகிப்பவர், மருத்துவர், வேறு துணையில்லாத நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் தங்களுக்குப் பதில் ஆள் வைக்காமல் போகக் கூடாது. ஓநாயைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளைப் பற்றி யோவான் நற்செய்தி சொல்வது இவர்களில் போதகரைத்தான். மற்றவர்கள் போகட்டும். தங்குகிறவர்களும் மருந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் புகை போட வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகக் கூடாது. நோய்வாய்ப்பட்டுத் தேறியவர் கொஞ்சகாலம் கூட்டத்தில் கலக்கக் கூடாது. நோயாளிகளை வீடு வீடாகப் பார்க்கும் நிலை வராதபடி நகரமே மருத்துவமனைகளை ஏற்படுத்த வேண்டும் என்றும் எழுதினார். விசுவாசம் பற்றிக் கேட்டவர்களுக்கு நகராட்சிக்கு எழுத வேண்டியதும் சேர்ந்தே கிடைத்தது!

அவருடைய காட்டமெல்லாம் மிதமிஞ்சித் துணிந்தவர்கள் மீதுதான். கடவுள் காப்பார் என்று மருந்தைத் தள்ளி, நோய் கண்ட வீட்டில் போய் உட்கார்ந்து வீரம் காட்டுவது அவர் கணக்கில் விசுவாசமே இல்லை. அது கடவுளைச் சோதித்துப் பார்ப்பது.

2020இல் கொரோனா பரவியபோது கிறிஸ்தவர்களின் கைபேசிகளில் ஓயாமல் சுற்றியது 91ஆம் சங்கீதம். கொள்ளைநோயிலிருந்து காப்பதாகச் சொல்லும் பாட்டு அது. பயந்த நேரத்தில் ஆறுதலுக்கு அதைத் தேடியதில் வியப்பில்லை. ஆனால் அதே சங்கீதத்தை மத்தேயு நற்செய்தியில் எடுத்துச் சொல்கிறவன் சாத்தான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. தடையை மீறி ஆராதனை நடத்திய அமெரிக்கப் போதகர்கள் சிலர் அந்த அதிகாரத்தை இன்னும் ஒருமுறை வாசித்திருக்கலாம். அவர்கள் தங்கள் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர், வீட்டில் கிடந்த தாத்தா பாட்டி, மறுநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எல்லோருடைய உயிரும் அதில் அடக்கம்.

மிலான் நகரம் இதை முன்பே பார்த்தது. 1576இல் பிளேக் வந்தபோது ஆளுநர் நகரத்தை விட்டுப் போனார். பேராயர் கார்லோ பொரோமியோ தங்கினார். அரண்மனைத் திரைச்சீலைகளைக் கிழித்து ஏழைகளுக்கு உடை தைக்கச் செய்தார். வீட்டுக்குள் அடைபட்டவர்கள் சன்னலில் நின்றபடியே திருப்பலி காணத் தெருமுனைகளில் பீடம் அமைத்தார். அவரும் ஊர்வலம் நடத்தியவர்தான். ஆனால் 1630இல் நிகழ்ந்தது அதைவிட மோசம். அப்போதைய கர்தினால் ஃபெதெரிகோ முதலில் மறுத்தும், நகரத்தார் விடாமல் கேட்கவே இறங்கிவந்தார். ஜூன் 11 அன்று, அதற்குள் புனிதராகிவிட்ட கார்லோவின் உடலையே ஏந்திக்கொண்டு நகரமே ஊர்வலம் போனது. அதற்குப் பின் சாவு மளமளவென ஏறியது. பக்தியில் குறைவில்லை. கூடாது என்று தெரிந்தவர் அதில் நிலைத்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை வழக்கு எளிது. தன்னுயிரைத் தரலாம், பிறர் உயிரை வைத்துச் சூதாடக் கூடாது. ஒரு ஊரின் உயிரைக் கேட்டு வாங்கி வேறு ஊர்களைக் காப்பாற்றலாமா என்ற இடத்தில்தான் கணக்கு இடிக்கிறது.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்ற ஊர். 1665இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்குத் துணிமூட்டை வந்தது. ஈரமாயிருந்த துணியை அடுப்போரம் காயவைத்த உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7 அன்று இறந்தார். குளிர்காலத்தில் தணிந்த நோய் அடுத்த கோடையில் திரும்பியது. பங்குக்குரு வில்லியம் மொம்பெசன் ஊருக்குப் புதியவர். வழிபாட்டுச் சட்டத்தை ஏற்காததால் பதவியிழந்த பழைய குரு தாமஸ் ஸ்டான்லியிடம்தான் மக்களுக்குப் பற்று. எதிரெதிர் அணியில் இருந்த இருவரும் 1666 ஜூனில் ஒன்றாக நின்று ஊராரைக் கேட்டார்கள்: யாரும் எல்லையைத் தாண்ட வேண்டாம். ஊர் சம்மதித்தது.

கோயிலைப் பூட்டிவிட்டு, திறந்த பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று தொழுதார்கள். இறந்தவர்களை அவரவர் வீட்டாரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அடக்கம் செய்தார். ஊரெல்லையில் குழி வெட்டிய ஒரு கல் இருந்தது. குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் சாமான்களை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது சுமார் 260 பேர் போயிருந்தார்கள். மொம்பெசனின் மனைவி காதரீனும் அவர்களில் ஒருவர்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் சொல்லும்போது பெரும்பாலும் ஒன்று விட்டுப்போகும். எல்லையை அடைக்கும் முன்பே மொம்பெசன் தம் இரண்டு குழந்தைகளையும் யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். வசதியுள்ள சில குடும்பங்களும் முன்கூட்டியே கிளம்பிவிட்டன. ஆகவே ஜூன் மாதம் அவர் கேட்ட தியாகம், போக்கிடம் இல்லாதவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். ஈயச் சுரங்கத் தொழிலாளிக்கு வண்டி ஏது, யார்க்‌ஷயரில் உறவு ஏது?

அவர் பாசாங்குக்காரர் என்று தீர்ப்புச் சொல்வது சுலபம், அது நியாயமுமில்லை. அந்தக் குழந்தைகளை வைத்திருந்து பலிகொடுத்திருந்தாலும் ஹான்காக் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூடப் பிழைத்திருக்காது. குழந்தைகளை அனுப்பியதைக் குற்றமாக்க முடியாது. எல்லோருக்கும் திறந்திராத வாசல் அவருக்குத் திறந்திருந்தது என்பதுதான் உறுத்துகிறது. ஊராரின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாமல் செய்வதும் அதுவே. குழந்தைகளின் சம்மதத்தை யாரும் கேட்கவும் இல்லை.

அப்படியிருந்தும் ஈம் ஊராரிடம் கேட்டதை வெறும் அக்கிரமம் என்று தள்ள முடியாததற்குக் காரணம் அந்தக் கல்லின் மறுபக்கத்தில் இருக்கிறது. சாட்ஸ்வர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு, ஊரார் எல்லைக்குள் இருக்கும்வரை உணவு அனுப்பி வந்தார். சுற்றுக் கிராமத்தாரும் பயந்து பயந்து எல்லைவரை வந்து பொருளை வைத்துவிட்டுப் போனார்கள். தியாகத்தால் பிழைத்தவர்கள் தங்கள் பங்கைச் செலுத்தினார்கள். 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் இந்தியா அடைக்கப்பட்டபோது, கூலியும் தங்குமிடமும் இழந்து நெடுஞ்சாலையில் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தவர்களுக்கு அப்படியொரு கல் எங்கும் நடப்பட்டிருக்கவில்லை.

கிறிஸ்தவச் சபைகள் தியாகத்தைப் பற்றிப் பேசுவதில் தேர்ந்தவை. கல்லின் மறுபக்கத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. செவிலியர், சடலம் சுமந்தவர், மயானத் தொழிலாளி ஆகியோரை வீரர்கள் என்று மேடையில் வாழ்த்துவதற்குச் செலவில்லை. அவர்களுடைய பாதுகாப்பு உடைக்கும், இறந்தால் குடும்பத்துக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் பணப்பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். மருத்துவமனை கட்டுங்கள் என்று லூதர் எழுதியதும் திரைச்சீலையைக் கார்லோ கிழித்ததும் அந்த இடத்தில்தான்.