சக்கேயுவின் இரண்டு கணக்குகள்

கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டு, ஆம்பூரை அடுத்த ஓர் ஊரில் நம் அன்பியத்தார் ஏழைக் குடும்பங்களுக்குச் சேலை வழங்கச் சென்றிருந்தோம். வாசற்படியில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஊசியைத் தோலில் குத்தி நிறுத்திவிட்டுச் சேலையை மரியாதையோடு பெற்றுக்கொண்டார். பிறகு நம்முடன் வந்திருந்த சகோதரியிடம், “அக்கா, சேலை நல்லா இருக்கு. ஒரு ஜோடிக்குக் குடுக்கிற கூலியைக் கொஞ்சம் ஏத்திக் குடுக்கச் சொல்லி உங்கள்ல யாராவது கேப்பீங்களா?” என்றார். நம்மிடம் பதில் இல்லை. அடுத்த வீட்டிற்கு நகர்ந்தோம்.

அக்கேள்வி இன்றளவும் நம்மை விட்டபாடில்லை. நாம் எடுத்துச் சென்றது கொடை. அவர் கேட்டதோ தமக்குச் சேர வேண்டியது.

லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயுவை நாம் அறிவோம். வரிதண்டுவோருக்குத் தலைவரான அவர், தம் வீட்டிற்கு வந்த ஆண்டவர் முன் எழுந்து நின்று இரண்டு காரியங்களைச் சொல்கிறார்: உடைமையில் பாதி ஏழைகளுக்கு, எவரிடமாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் அவருக்கு நான்கு மடங்கு. இவ்விரண்டையும் ஒரே தாராள மனத்தின் வெளிப்பாடாக வாசித்தே நமக்குப் பழக்கம். ஆனால் கணக்கெழுதித் தேர்ந்தவர் அவர். தருமத்தை ஓர் ஏட்டிலும் கடனை மற்றோர் ஏட்டிலும் எழுதுகிறார். பாதியைக் கொடுத்துவிட்டதால் நான்கு மடங்கு கழிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை.

திருச்சபையின் சமூகப் போதனை இந்த இரண்டாம் ஏட்டைத் திறக்கவே நம்மை அழைக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், இரு தரப்பும் ஒப்புக்கொண்டதனாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளிக்கு அது போதுமானதாய் இருக்க வேண்டும் என்றது. நீதியால் தர வேண்டியதை மறுத்துவிட்டு, அன்பின் பெயரால் அதை ஈடுகட்ட இயலாது என்று 1931இல் பதினொன்றாம் பத்திநாதர் எழுதினார். இவற்றைக் கருத்தரங்குகளில் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். பாலாற்றங்கரையில் இவற்றின் பொருள் என்ன என்பதே நம் முன் உள்ள வினா.

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த முப்பது, நாற்பது லிட்டர் நீர் செலவாகும். உப்பும் குரோமியமும் கலந்த அந்நீர் பல்லாண்டுகள் பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்தது. 1991இல், அதாவது ‘ரேரும் நோவாரும்’ மடலின் நூற்றாண்டை நாம் திருப்பலிகளோடு கொண்டாடிய அதே ஆண்டில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதைச் சுட்டிக்காட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியை இந்நாட்டின் சட்டத்தில் பதித்தது. 2001இல் அதற்கான ஆணையம் 186 ஊர்களில் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. அதிலும் விடுபட்டவர்களுக்கு உடனே வழங்குமாறு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. சக்கேயு ஒரே மாலையில் தீர்க்க முன்வந்த கணக்கு, இங்கே முப்பது ஆண்டுகளைத் தாண்டி இழுபடுகிறது.

இதைச் சொல்லும்போது எதிர்க்கேள்வி எழும், எழவும் வேண்டும். தோல் தொழில் இல்லையென்றால் இந்தப் பட்டணங்கள் ஏது? நிலமற்றவர்களுக்கு, குறிப்பாகத் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும், மாதந்தோறும் பணம் வரும் வழி இதுவே. தோல் வணிகர்கள் கட்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் பல தலைமுறைகளைப் படிக்க வைத்துள்ளன. கிணறு உவர்த்த உழவனும் ஆலையில் தோல் பதனிடுபவனும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள். ஆகவே ஆலையை மூடு என்பவரோடும் ஆற்றை மறந்துவிடு என்பவரோடும் நாம் எளிதாகச் சேர்ந்துவிட முடிவதில்லை. ஆனால் இந்தத் தயக்கத்தை நடுநிலை என்று அழைத்து நாம் ஆறுதல் கொள்வதுதான் ஆபத்து. 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கவென்றே அமைந்த நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். தீமைக்கு மட்டுமன்றி, அதன் பரிகாரத்திற்கும் விலை கொடுத்தவர்கள் எளியவர்களே.

சேலை பெற்ற அப்பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. அவருடைய பெயர் எந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டிலும் இராது. முகவர் துண்டுகளைக் கொண்டுவந்து தருகிறார். தைத்ததை எடுத்துச் செல்கிறார். அவருக்கு மேலே நிறுவனம், அதற்கும் மேலே கடல் கடந்த வணிகர். வீட்டிலிருந்து உழைப்போரைப் பிற தொழிலாளர்களுக்கு இணையாக நடத்தக் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கையும் 1996இல் பிறந்ததுதான். இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை.

இரண்டாம் ஜான் பால் 1981இல் மனித உழைப்பைக் குறித்து எழுதிய மடலில் ‘மறைமுக முதலாளி’ என்றொரு கருத்தைத் தந்தார். கூலி கொடுக்கும் கை ஒன்றாயிருக்க, அக்கூலி எவ்வளவு என்பதைப் பின்னிருந்து தீர்மானிப்பவர்கள் வேறு. அரசை முதன்மையாகக் கருதியே அவர் அப்படிச் சொன்னார். எனினும் அதை வாசிக்கும்போது நம் கண் தற்செயலாக நம் பள்ளிப் பிள்ளைகளின் கால்களில் விழுகிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் கறுப்புக் காலணி கட்டாயம். மிகக் குறைந்த விலை கூறுபவரிடம் வாங்குகிறோம். அது எங்கே, யாருடைய விரல்களால், என்ன கூலிக்குத் தைக்கப்பட்டது என்று நாம் கேட்டதில்லை.

ஒரு பள்ளி நிர்வாகியிடம் இதைச் சொன்னோம். நல்ல மனிதர், சிந்தித்துவிட்டு, விலைப்புள்ளி கேட்கும் படிவத்தில் அப்படியொரு கேள்விக்கு இடமில்லை என்றார். அந்தப் படிவத்தை அச்சடிப்பது யார் என்று வினவினோம். சிரித்தார். அடுத்த ஆண்டிற்கான படிவம் மார்ச் மாதம் அச்சுக்குப் போகிறது.